விமான பிரேக்கில் பழுது: எக்செல் ஒர்க் ஷீட் மூலம் கண்டுபிடிப்பது எப்படி?

வீட்டுக்குப் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் கட்டம் கட்டமாக இருக்கிறதே, நமக்கு இதனால் என்ன பயன்?" என்று மூடிவிடுவது வழக்கம். மாதச் செலவுக் கணக்கு, பிள்ளைகளின் மார்க் பட்டியல் ஆகியவற்றுக்கு மட்டும்தான் எக்செல் என்று நினைக்க வேண்டாம். ஒரு பழுது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவும் அது மிக நல்ல கருவி. எப்படி என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

உதாரணத்திற்கு எடுத்துக்கொள்ளப் போவது, வீட்டிலேயே கட்டப்பட்ட ஒரு சிறிய விமானத்தின் பிரேக். "விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். வீட்டில் கட்டிய விமானமும் நீங்கள் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டிலும் பாகங்கள் பல கம்பெனிகளிலிருந்து வந்தவை. முழுப்பொருளுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ் புத்தகம் கிடையாது. பழுது வந்தால் நாமேதான் வரிசையாகத் தேட வேண்டும்.

எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோடு செய்து பயன்படுத்தலாம். மெனு மாறும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் விமானம் கட்டுகிறார்களா?

கட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1953-ஆம் ஆண்டே இதற்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங் ஈஸீ என்ற இரண்டு இருக்கை விமானம் 1979-இல் முதன்முதலில் பறந்தது. ஃபோம், ஃபைபர் கிளாஸ் ஆகியவற்றைக் கொண்டு, வரைபடத்தைப் பார்த்து வீட்டு ஷெட்டில் கட்டும் விமானம் இது. இந்த வடிவமைப்பை அடிப்படையாக வைத்துத்தான் பெங்களூரில் உள்ள தேசிய விமான ஆய்வகம் ஒரு சோதனை விமானத்தைக் கட்டி 1987-இல் பறக்கவிட்டது.

தனி மனிதர்களும் இருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017 நவம்பரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் அதைப் பதிவு செய்தது.

நம் கடலூர் மாவட்டத்திலும் நெய்வேலியில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. வடக்கே புதுச்சேரியிலும் விமான நிலையம் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் இந்தப் பாடத்தைத் தங்கள் புராஜெக்ட் வேலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

பழுதைத் தேடும் முன் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது "புஸ்" என்று சத்தம் வரும். அது காற்றழுத்த பிரேக். உங்கள் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் டிஸ்க் இருந்தால், அது பெரும்பாலும் ஆயில் பிரேக். சிறிய விமானத்தில் இருப்பதும் ஆயில் பிரேக்தான்.

பைலட் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் பைப் வழியாகச் சக்கரத்தில் உள்ள காலிப்பருக்குப் போகும். காலிப்பரின் பிஸ்டன், லைனிங்கை டிஸ்க் மீது அழுத்தும். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைவிட காலிப்பர் பிஸ்டனின் பரப்பு 5 மடங்கு என்றால், அழுத்தும் விசையும் 5 மடங்காகும். ஆனால் அதற்கு விலை உண்டு. காலிப்பர் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர, மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 5 மில்லிமீட்டர் நகர வேண்டும். ஆயில் அழுங்காது, காற்று அழுங்கும். அதனால்தான் பைப்பில் சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் பெடல் பஞ்சு போல உள்ளே போகிறது. மிதித்த தூரமெல்லாம் காற்றை அழுக்குவதிலேயே வீணாகிவிடுகிறது.

மோட்டார் சைக்கிளுக்கும் விமானத்துக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. விமானத்தில் இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரேக். லாங் ஈஸீ போன்ற விமானங்களில் மூக்குச் சக்கரம், ஆஸ்பத்திரி தள்ளுவண்டியின் சக்கரம் போல எந்தப் பக்கமும் தானாகத் திரும்பும். தரையில் மெதுவாகப் போகும்போது இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது பிரேக்கை மிதிக்க வேண்டும். ஆகவே ஒரு பக்க பிரேக் போனால் நிறுத்த முடியாதது மட்டுமல்ல, திருப்பவும் முடியாது. விமானம் ஓடுதளத்தை விட்டு விலகிப் பள்ளத்தில் இறங்கலாம். சுற்றும் புரொப்பல்லர் மனிதர் மீதோ மற்றொரு விமானத்தின் மீதோ படலாம். பழுதை ஊகத்தில் விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பயிற்சி 1: பிரேக் எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும்?

முதலில் ஒரு சிறிய கணக்கு. எக்செல்லைத் திறந்து புதிய ஒர்க் ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில், ஏ காலத்திலிருந்து இ காலம் வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: வாகனம், எடை (கிலோ), வேகம் (மணிக்கு கி.மீ.), வேகம் (நொடிக்கு மீட்டர்), ஆற்றல் (கிலோஜூல்).

இரண்டாவது வரிசையில் மோட்டார் சைக்கிள், 200, 60 என்று கொடுங்கள். இது ஓட்டுபவரையும் சேர்த்த எடை. அடுத்த மூன்று வரிசைகளில் விமானம், 600 என்று கொடுத்து, வேகத்தை மட்டும் 60, 90, 120 என்று மாற்றிக் கொடுங்கள்.

இப்பொழுது ஃபார்முலா. எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், மவுஸ் போதும்.

1. டி2 செல்லைக் கிளிக் செய்து, கீபோர்டில் = அடையாளத்தைத் தட்டுங்கள்.
2. மவுஸால் சி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு /3.6 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 16.67 என்று விடை வரும். தசமப் புள்ளிகள் அதிகமாகத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம்.
3. இ2 செல்லில் = தட்டி, பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். * தட்டி, டி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். மீண்டும் * தட்டி, டி2 செல்லையே கிளிக் செய்யுங்கள். கடைசியில் /2000 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.
4. டி2, இ2 இரண்டையும் சேர்த்து செலக்ட் செய்யுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து ஐந்தாவது வரிசை வரை கீழே இழுங்கள். எல்லா வரிசைகளும் தானாகக் கணக்கிடப்படும்.

2000 எப்படி வந்தது? எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 2-ஆல் வகுத்தால் ஆற்றல் ஜூலில் கிடைக்கும். கிலோஜூலாக மாற்ற 1000-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 2000.

விடைகளைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 27.8. விமானத்துக்கு 83.3, 187.5, 333.3. வேகம் 60-இலிருந்து 120 ஆக இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 333 கிலோஜூல் என்பது ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்கும் நிலை வரை கொண்டுபோகும் வெப்பம். காற்றின் எதிர்ப்பு இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் இரண்டு சிறிய டிஸ்குகளில்தான் இறங்க வேண்டும். எனவே விமான பிரேக்கில் பழுது தேடும்போது முதலில் பார்க்க வேண்டிய அளவு வெப்பம்.

அறிகுறியும் காரணமும்

டாக்டர் நாடி பார்ப்பதற்கு முன் "என்ன செய்கிறது?" என்று கேட்பார் அல்லவா? அதுபோல அறிகுறியைச் சரியாக எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. "பிரேக் சரியில்லை" என்பது அறிகுறி அல்ல. கீழே உள்ளவை அறிகுறிகள்.

பெடல் பஞ்சு போல இருக்கிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால் கெட்டியாகிறது: பைப்பில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். சிறிய விமானங்கள் பலவற்றில் காலிப்பரின் அடியில் உள்ள நிப்பிள் வழியாக ஆயிலை மேல் நோக்கி ஏற்றுவார்கள். காற்று இயல்பாக மேலே போகும் என்பதால் அது ஆயில் டாங்க் வழியாக வெளியேறிவிடும். வீட்டில் கட்டிய விமானத்தில், பைப் எங்காவது மேலே எழும்பி மறுபடி கீழே இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பஞ்சு போகவில்லை என்றால் பைப் போகும் வழியைப் பாருங்கள்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் விமானம் நிற்கவில்லை: ஆயில் பகுதியில் குறை இல்லை. லைனிங்கில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கலாம், லைனிங் கண்ணாடி போல வழவழப்பாகியிருக்கலாம், டிஸ்க் துருப்பிடித்திருக்கலாம். லைனிங் புதிதாக மாற்றப்பட்டிருந்தால், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி அதைப் பழக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கடற்கரைக் காற்றில் சில வாரம் சும்மா நின்ற இரும்பு டிஸ்க் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது கடலூர்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாக இறங்கிக்கொண்டே போகிறது: ஆயில் எங்கோ கசிகிறது. வெளியே கசிந்தால் ஈரம் தெரியும். ஈரமே இல்லாமல் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் சீல் வழியாக ஆயில் பின்னால் போகிறது என்று சந்தேகிக்கலாம்.

காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை: காலிப்பர் நகரும் பின்கள் இறுகியிருக்கலாம். அல்லது பெடல் முழுமையாகத் திரும்பி வரவில்லை. பெடல் முழுதாகத் திரும்பாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து டாங்க்குக்குப் போகும் வழி திறக்காது. உள்ளே சிக்கிய ஆயில் சூட்டில் விரியும். விரிந்தால் பிரேக் இன்னும் இறுகும். இறுகினால் இன்னும் சூடாகும். இதுதான் மிக ஆபத்தான பழுது. சக்கரத்தில் தீப்பிடிப்பது வரை போகும்.

காலையில் நன்றாக இருக்கிறது, நெடுந்தூரம் தரையில் ஓடிய பிறகு பிடிக்கவில்லை: இது வெப்பத்தால் வருவது. மூக்குச் சக்கரம் தானாகத் திரும்பும் விமானத்தில் பைலட் பிரேக்கைத் தொட்டுத் தொட்டே ஓட்டுவதால், பறக்கும் முன்பே பிரேக் சூடாகிவிடும்.

ஆயிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சிறிய விமானங்கள் பலவற்றில் பயன்படுவது சிவப்பு நிறமான மினரல் ஆயில். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் "பிரேக் ஆயில்" என்று கேட்டால் கிடைப்பது கிளைக்கால் வகை. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்குத் தயாரித்த ரப்பர் சீல் மற்றொன்றில் ஊறினால் உப்பிக் கெட்டுவிடும். அன்று ஓடும், சில நாட்களில் கைவிடும். எந்த ஆயில், எந்த சீல் என்பதை பிரேக் தயாரித்த கம்பெனியின் தாளில் பார்த்து, ஒர்க் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். தவறான ஆயில் ஏற்கெனவே ஊற்றப்பட்டிருந்தால் அதை வடித்துவிட்டுச் சரியானதை ஊற்றினால் மட்டும் போதாது. சீல்களையும் மாற்ற வேண்டும்.

பயிற்சி 2: சோதனைப் பதிவேடு

இப்பொழுது பாடத்தின் முக்கியப் பகுதி. ஒர்க் ஷீட்டின் அடியில் உள்ள + அடையாளத்தைக் கிளிக் செய்து புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். அதன் பெயரை இருமுறை கிளிக் செய்து "பதிவு" என்று மாற்றுங்கள். முதல் வரிசையில் ஏ முதல் ஜி வரை இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: தேதி, ஓட்டம், இடது வெப்பம், வலது வெப்பம், வித்தியாசம், பெடல் நிலை, செய்த மாற்றம்.

தலைப்பு எப்போதும் கண்ணில் படும்படி, வியூ டேபில் ஃப்ரீஸ் பேன்ஸ் என்பதைக் கிளிக் செய்து, ஃப்ரீஸ் டாப் ரோ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தேதியை 4/3 என்று சுருக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து, அது மார்ச் 4 ஆகவும் ஏப்ரல் 3 ஆகவும் எடுத்துக்கொள்ளப்படலாம். பிறகு வரிசைப்படுத்தும்போது எல்லாம் குழம்பிவிடும்.

பெடல் நிலை காலத்தில் ஒரு நாள் "பஞ்சு", மறு நாள் "மெத்தென்று", இன்னொரு நாள் "ஸ்பாஞ்ச்" என்று எழுதினால் கம்ப்யூட்டர் மூன்றையும் வேறு வேறாகத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்வோம்.

1. எஃப்2 முதல் எஃப்50 வரை செலக்ட் செய்யுங்கள்.
2. டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும்.
3. அலவ் என்ற பெட்டியில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
4. சோர்ஸ் என்ற பெட்டியில் கெட்டி, பஞ்சு, இறங்குகிறது, திரும்பவில்லை என்று கமா இட்டு டைப் செய்து ஓகே கொடுங்கள்.

கால்க் புரோகிராமில் இது டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்ற பெயரில் இருக்கும். அங்கே ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி வரியில் கொடுக்க வேண்டும்.

இ2 செல்லில் வித்தியாசத்துக்கு ஃபார்முலா கொடுங்கள். = தட்டி, சி2-ஐக் கிளிக் செய்து, - தட்டி, டி2-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். முன்பு செய்ததுபோல மூலைச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுங்கள்.

அடுத்து, வித்தியாசம் 30 டிகிரியைத் தாண்டினால் செல் சிவப்பாக மாற வேண்டும். இ காலத்தை செலக்ட் செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போங்கள். 30 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். முதல் வரிசையில் இருக்கும் தலைப்பும் சிவப்பாகிவிட்டால் பயப்பட வேண்டாம். இ காலம் முழுவதையும் எடுக்காமல் இ2 முதல் இ50 வரை மட்டும் செலக்ட் செய்து கொடுத்தால் சரியாகிவிடும். 30 என்பது இந்தப் பயிற்சிக்கு நாம் வைத்துக்கொண்ட எல்லை. உண்மையான விமானத்தில் அதன் பிரேக்கின் வழக்கமான அளவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பதிவேடு என்ன சொல்கிறது?

இனி எண்களை நிரப்புவோம். இவை பயிற்சிக்காக அமைத்த எண்கள். ஒவ்வொரு ஓட்டமும் ஆறிய பிரேக்குடன், ஒரே தூரம், ஒரே வேகத்தில் தரையில் ஓட்டியது. நின்றவுடன் தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இரண்டு டிஸ்குகளையும் அளந்தது.

ஓட்டம் 1: இடது 64, வலது 60.
ஓட்டம் 2: இடது 75, வலது 62.
ஓட்டம் 3: இடது 98, வலது 63.
ஓட்டம் 4: இடது 127, வலது 66.
ஓட்டம் 5: இடது 124, வலது 65. செய்த மாற்றம்: இடது காலிப்பர் பின்கள் சுத்தம்.
ஓட்டம் 6: இடது 66, வலது 63. செய்த மாற்றம்: இடது பெடலின் கீல் துரு நீக்கி மசகிட்டது.

வித்தியாசம் காலத்தில் 4, 13, 35, 61, 59, 3 என்று வரும். மூன்று செல்கள் சிவப்பாகத் தெரியும். இதிலிருந்து என்ன தெரிகிறது?

முதலாவது, வலது பக்கம் ஏறக்குறைய மாறவே இல்லை. எனவே வெயில், காற்று, பைலட் ஓட்டிய விதம் ஆகிய பொதுவான காரணங்களைத் தள்ளிவிடலாம். நன்றாக இருக்கும் பக்கமே நம் அளவுகோல். விமானத்தில் ஒரே மாதிரியான இரண்டு பிரேக்குகள் இருப்பது பழுது தேடுபவருக்குக் கிடைத்த பெரிய வசதி.

இரண்டாவது, இடது பக்கம் திடீரென்று கெடவில்லை; ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. ஓட்டம் 2-இல் வெறும் 13 டிகிரிதான். தொட்டுப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சி, டி காலங்களை செலக்ட் செய்து, இன்ஸர்ட் டேபில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்து பாருங்கள். ஒரு கோடு படுத்திருக்கும், மற்றது மலையேறும்.

மூன்றாவது, காலிப்பர் பின்களைச் சுத்தம் செய்ததில் பயன் இல்லை. பெடல் கீலைச் சரி செய்ததும் போய்விட்டது. ஒரே நாளில் இரண்டையும் செய்திருந்தால் எதனால் சரியாயிற்று என்று சொல்லவே முடியாது. அடுத்த முறை அதே பழுது வரும்போது மறுபடி இரண்டு இடத்தையும் பிரிக்க வேண்டியிருக்கும். ஒரு சோதனைக்கு ஒரே ஒரு மாற்றம். இந்தப் பாடத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியாகப் பிரித்துத் தேடுதல்

மேலே உள்ள பழுதை இன்னும் சீக்கிரம் பிடித்திருக்கலாம். பிரேக் ஆறியிருக்கும்போது, விமானத்தைக் கட்டை வைத்து நிறுத்தி, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் காலிப்பர் நிப்பிளை இலேசாகத் திறக்க வேண்டும். கொஞ்சம் ஆயில் வெளியேறி சக்கரம் சுலபமாகச் சுற்றினால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். குறை மேலே, பெடலிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ பைப்பிலோ இருக்கிறது. திறந்த பிறகும் சுற்றவில்லை என்றால் குறை கீழே, காலிப்பரிலோ சக்கரத்திலோ இருக்கிறது. ஒரே சோதனையில் பாதி விமானம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது.

பெடல் இறங்கும் பழுதுக்கும் இதே வழி. மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயிலில் பைப்பைக் கழற்றி, அதற்குரிய மூடியால் அடைத்துவிட்டு மிதிக்க வேண்டும். அப்பொழுதும் இறங்கினால் குறை மாஸ்டர் சிலிண்டரில். நின்றுவிட்டால் அதற்குக் கீழே உள்ள பகுதியில். பிறகு பைப்பை மாட்டி ஏர் எடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

இவற்றையெல்லாம் விமானம் கட்டியவரும் அந்தப் பணிக்குத் தகுதி பெற்ற பொறியாளரும் மட்டுமே செய்ய வேண்டும். சரி செய்த பிறகும் நேராகப் பறக்கக் கூடாது. நின்ற இடத்தில் சோதனை, பிறகு நடை வேகம், பிறகு கூடுதல் வேகம் என்று படிப்படியாகப் போய், ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

பயிற்சி 3: ஃபில்டர்

பதிவேட்டில் நூறு வரிசைகள் சேர்ந்துவிட்டால் தேவையானதை மட்டும் எப்படிப் பார்ப்பது? தலைப்பு வரிசையில் ஏதாவது ஒரு செல்லைக் கிளிக் செய்து, டேட்டா டேபில் ஃபில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். கால்க் என்றால் டேட்டா மெனுவில் ஆட்டோ ஃபில்டர். ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் ஒரு சிறிய அம்புக்குறி வரும்.

பெடல் நிலை அம்புக்குறியைக் கிளிக் செய்து, செலக்ட் ஆல் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, "திரும்பவில்லை" என்பதை மட்டும் டிக் செய்து ஓகே கொடுங்கள். அந்த வரிசைகள் மட்டும் தெரியும். மற்றவை அழிந்துவிடவில்லை, மறைந்திருக்கின்றன. செலக்ட் ஆல் கொடுத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். வடிகட்டிய வரிசைகளின் தேதிகளைப் பாருங்கள். எல்லாம் மழைக்காலத்திலா? விமானம் பல நாள் நின்ற பிறகா? காரணம் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும்.

இதை உங்கள் கம்ப்யூட்டருக்குப் பயன்படுத்துங்கள்

இதே ஷீட்டை இன்னொரு பெயரில் சேவ் செய்து தலைப்புகளை மட்டும் மாற்றுங்கள்: தேதி, நேரம், அறிகுறி, ஆன் செய்து எத்தனை நிமிடம், அப்போது ஓடிய புரோகிராம், கரண்ட் நிலை, செய்த மாற்றம்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு தானாக ஆஃப் ஆகிறது, ஆறிய பின் மறுபடி ஓடுகிறது என்றால், அது காலிப்பர் சூடாவது போன்ற பழுது. பிராசஸர் ஃபேனில் தூசி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கரண்ட் போய் வரும் நேரத்தில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் யு.பி.எஸ். பேட்டரியைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் கடிகாரமும் தேதியும் பழையபடி மாறிவிட்டால் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். வேறு ஒரு மானிட்டரையும் கேபிளையும் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் சி.பி.யு. பெட்டியைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

சர்வீஸ் செய்ய வருபவர் ரேம், பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொன்னால், எது பழுது என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றுக்கும் பணம் கொடுத்திருப்பீர்கள். பதிவேட்டை பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுங்கள். நல்ல டெக்னீஷியன் அதைப் பார்த்து மகிழ்ச்சியே அடைவார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேவ் செய்ய மறக்காதீர்கள்

ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் கண்ட்ரோல் கீயுடன் எஸ் எழுத்தை அழுத்துங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தின் பல ஊர்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கும் பதிவால் பயன் இல்லை. அறிகுறிப் பட்டியலையும் ஆயில் வகை போன்ற முக்கியத் தகவல்களையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துப் பொருளின் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. முதல் ஷீட்டில் உங்கள் வண்டியின் எடை, வேகம் ஆகியவற்றைக் கொடுத்து ஆற்றலைக் கணக்கிடுங்கள். வேகத்தை 40-இலிருந்து 80 ஆக மாற்றினால் எத்தனை மடங்காகிறது?
2. பதிவு ஷீட்டில் இடது, வலது எண்களை இடம் மாற்றிக் கொடுங்கள். வித்தியாசம் மைனஸில் வரும், ஆனால் சிவப்பு வராது. ஏன் என்று யோசியுங்கள். வலது பக்கம் சூடானாலும் சிவப்பு வர, லெஸ் தேன் என்ற விதியில் -30 என்று கொடுத்து இன்னொரு விதி சேர்க்க வேண்டும்.
3. உங்கள் வீட்டில் அடிக்கடி மக்கர் செய்யும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மோட்டார் சைக்கிள் எதுவானாலும் சரி. பத்து நாட்கள் பதிவு எழுதி, ஃபில்டர் செய்து பாருங்கள்.